சிவப்புக் குமிழும் மீட்டர் முள்ளும்

சேற்று வயலில் பவர் டில்லர் ஓட்டுகிறவர் எஞ்சினுக்குப் பின்னால் நடந்து போகிறார். நான்கு சக்கர டிராக்டர் ஓட்டுகிறவர் எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறார். எஞ்சின் சூடேறி இறுகிவிடக் கூடாது என்ற கவலை இருவருக்கும் ஒன்றுதான். அந்தக் கவலைக்கு அவரவர் கையில் கொடுத்திருக்கும் கருவிதான் வேறு. நடக்கிறவருக்கு எதிரே, எஞ்சின் மேலுள்ள தண்ணீர்த் தொட்டியின் வாயில் ஒரு சிவப்புக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருக்கிறவருக்கு எதிரே டேஷ்போர்டில் ஒரு வட்ட மீட்டரும் அதில் ஒரு முள்ளும் இருக்கும். குமிழ் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறது. முள் தண்ணீர் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்கிறது.

குமிழைப் பழைய காலத்து மலிவுச் சாமானாகவும் முள்ளை அதன் வளர்ந்த வடிவமாகவும் பார்ப்பதே பொது வழக்கம். பட்டறைகளிலும் இப்படித்தான் பேசிக் கேட்டிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வரிசை நிற்காது என்பது என் கருத்து. இரண்டும் இரு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. எந்த எஞ்சினில் எந்தக் கேள்வி உயிர்க்கேள்வி என்பதைப் பொறுத்தே கருவியின் தகுதி அமைகிறது.

குமிழுள்ள எஞ்சின்களில் உலகெங்கும் மிக அதிகம் புழங்குவது சீனாவின் எஸ்195 வகை. படுக்கைவாட்டில் கிடக்கும் ஒரே சிலிண்டர்; உள்விட்டம் 95 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 115 மில்லிமீட்டர்; நிமிடத்துக்கு 2000 சுற்றில் 12 குதிரைத்திறன். டோங்ஃபெங்-12 என்ற கைடிராக்டரில் இருப்பது இதுதான். 1988 வெள்ளத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த வங்காளதேசத்தில் உழவையே மாற்றிப் போட்டதும் இந்தக் குடும்பத்து எஞ்சின்கள்தாம். படுக்கைவாட்டுச் சிறு டீசலின் மூத்த பரம்பரை ஜப்பானுடையது: யான்மார் நிறுவனர் யாமாஓகா மகோகிச்சி 1933-ல் சிறிய டீசல் எஞ்சினை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இலங்கையில் தமிழர்கள் 'லேண்ட்மாஸ்டர்' என்று பொதுப்பெயரிட்டு அழைக்கும் இரு சக்கர உழவு இயந்திரங்களிலும் இந்த வகை எஞ்சின்களைப் பரவலாகக் காணலாம்.

தொட்டியின் அமைப்பு மிக எளிது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறை அப்படியே மேலே விரிந்து ஒரு பெட்டியாகிறது. பெட்டியின் வாய் திறந்தே இருக்கும். தண்ணீர் தெறிக்காமலிருக்கவும் வைக்கோல் விழாமலிருக்கவும் ஒரு வலையோ தகடோ இருக்கும், அவ்வளவுதான். பம்பு கிடையாது, பெல்ட் கிடையாது, தெர்மோஸ்டாட் கிடையாது. அந்த வாயில் ஒரு சிறு வழிகாட்டிக் குழாய். அதனுள் ஏறி இறங்கும் ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் அடியில் உள்ளீடற்ற மிதவை, உச்சியில் சிவப்புக் குமிழ். தண்ணீர் நிறைந்திருந்தால் குமிழ் தலைதூக்கி நிற்கும். தண்ணீர் இறங்க இறங்கக் குமிழும் இறங்கி, கடைசியில் வாயோடு வந்து உட்கார்ந்துவிடும். அப்போது ஊற்ற வேண்டும்.

ஊற்றவேண்டிய அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த எளிய அமைப்பின் மேல் மரியாதை வரும். டீசல் எஞ்சினில் எரிபொருள் தரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக வெளிவருகிறது. அதே அளவோ சற்றுக் குறைவோ குளிர்விக்கும் தண்ணீருக்குப் போகிறது, மிச்சம் புகையோடு போகிறது. 12 குதிரைத்திறன் என்பது 8.8 கிலோவாட். தண்ணீருக்கு 8 கிலோவாட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் ஊற்றிய ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு ஏறி முழுதும் ஆவியாக 2550 கிலோஜூல் விழுங்குகிறது; அதில் 2257 ஆவியாவதற்கு மட்டுமே. ஆக முழுச் சுமையில் மணிக்கு 11 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகி வானத்துக்குப் போகும். சுமை குறைந்தால் அதுவும் குறையும். தண்ணீர் குறைவது இந்த எஞ்சினில் கோளாறே இல்லை. அது குளிரும் முறையே அதுதான். சூட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் வெளியேறுகிறது, அதன் இடத்தை மனிதன் நிரப்புகிறான்.

இங்கே ஒரு முள் மீட்டரைப் பொருத்தினால் என்ன காட்டும்? ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் 100 டிகிரிக்குப் பக்கம் வந்து நிற்கும். சுமை கூடினாலும் 100, குறைந்தாலும் அநேகமாக 100. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் அதற்கு மேல் ஏறாது. சுமை கூடும்போது கொதி வேகமாகும், ஆவி அதிகமாகும், வெப்பநிலை அசையாது. தொட்டி முக்கால் காலியானாலும் முள் அதே இடத்தில் நிற்கும். கடைசித் தண்ணீரும் சிலிண்டர் தலையை விட்டு இறங்கிய பிறகுதான் எதுவோ நடக்கும், அப்போது எஞ்சினைக் காப்பாற்ற நேரமிருக்காது. வெப்பநிலையை இயற்கையே கட்டிப்போட்டிருக்கும் இடத்தில் வெப்பமானி வைப்பது வீண். மாறுகிற பொருள் ஒன்றே ஒன்று, நீர்மட்டம். அதை அளக்கும் கருவி அங்கே இருக்கிறது. இதை வடிவமைத்தவர்கள் சிக்கனத்துக்காக முள்ளை விட்டுவிட்டார்கள் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இனி மற்றதைப் பார்ப்போம். 35 குதிரைத்திறன் டிராக்டர் எஞ்சினில் தண்ணீருக்கு ஏறும் சூடு சுமார் 24 கிலோவாட் என்று கொள்ளலாம். இங்கே தண்ணீர் ஆவியாக அனுமதியில்லை. பம்பு அதை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்குமாகச் சுற்றவைக்கிறது. ரேடியேட்டரைக் கடக்கையில் தண்ணீர் 8 டிகிரி குளிர்கிறது என்றால், ஒரு லிட்டர் ஒரு சுற்றில் இறக்கி வைப்பது வெறும் 33 கிலோஜூல்தான். கொதித்துப் போகும் ஒரு லிட்டர் கொண்டுபோவதில் எழுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் ஓட வேண்டியிருக்கிறது, பம்பும் பெல்ட்டும் விசிறியும் நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகளும் வேண்டியிருக்கின்றன. பதிலுக்குக் கிடைப்பது பெரிய வரம்: ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் செலவாகாது. தண்ணீர் வண்டி தேடாமல் நாள் முழுக்க உழலாம்.

இந்த மூடிய சுற்றில் நிலைமை தலைகீழ். நீர்மட்டம் மாறக் கூடாது. மாறுவது வெப்பநிலை. தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்கும். சுமையையும் வெயிலையும் காற்றையும் பொறுத்து அதற்கு மேல் ஏறும் இறங்கும். கதிரடிக்கும் காலத்தில் வைக்கோல் தூசி ரேடியேட்டர் முகத்தில் அப்பிக்கொண்டால், பெல்ட் தளர்ந்து வழுக்கினால், தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டால், ரோட்டவேட்டரை ஈரக் களிமண்ணில் ஆழமாக இறக்கினால், தண்ணீர் முழுதாக இருக்கும்போதே சூடு ஏறும். அந்த நேரத்தில் மிதவை வைத்திருந்தால் 'எல்லாம் நிறைவு' என்றே சொல்லும். அங்கே ஓட்டுநரைக் காப்பாற்றுவது முள்தான். முள்ளுக்கு உரிய பெருமையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. தன் இடத்தில் அதற்கு மாற்றே கிடையாது.

இருந்தாலும், இரண்டும் வேண்டியதுதானே, ரேடியேட்டர் மூடியில் ஒரு மிதவைக் கம்பியையும் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். திறந்த ரேடியேட்டர் காலத்தில் அது முடிந்திருக்கும். அழுத்த மூடி வந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. பழைய டிராக்டர்கள் பலவற்றின் மூடி சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும், அதாவது ஏறக்குறைய அரை பார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100-க்குப் பதிலாக 111 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த 11 டிகிரி இடைவெளிக்காகவே மூடியில் ஸ்பிரிங் வைத்தார்கள்.

இப்போது அந்த மூடியில் துளையிட்டு 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை நுழைப்போம். கசியாமலிருக்க ரப்பர் சீல் வேண்டும். மிதவைக்குத் தன் எடையும் கம்பியின் எடையும் போக மேலே தள்ள 50 கிராம் விசை மிஞ்சினால் பெரிது. அந்த விசையைச் சீலின் உராய்வே தின்றுவிடும். உராய்வே இல்லாத சீல் கிடைத்தாலும் அதைவிட மோசமான ஒன்று காத்திருக்கிறது. கம்பியின் குறுக்குவெட்டு 0.126 சதுர சென்டிமீட்டர். உள்ளேயிருந்து அரை பார் அழுத்தம் அதை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 64 கிராம். மிதவையின் விசையைவிட இது அதிகம்! தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எஞ்சின் சூடேறியதும் குமிழ் நிமிர்ந்து நின்று 'நிறைவு' என்று சொல்லும். ஆவி அழுத்தம் மிகும்போது, அதாவது ஆபத்து மிக நெருங்கும்போது, அது இன்னும் உறுதியாக அந்தப் பொய்யைச் சொல்லும். நான்கு சக்கர டிராக்டரில் குமிழைக் காணாததற்குக் காரணம் நாகரிகமோ அழகோ கிடையாது. இந்த 64 கிராம்தான்.

டிராக்டரின் வரலாற்றில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு காலம் உண்டு. 1917-ல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் தண்ணீர் பம்பு இல்லை. சூடான தண்ணீர் இலேசாகி மேலே போகும், குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். அந்த இயல்பான ஓட்டமே எஞ்சினைக் குளிர்வித்தது. 1930-களில் வந்த ஜான் டீரின் ஏ, பி மாடல்களும் இதே முறைதான். இந்த முறையில் நீர்மட்டத்துக்கு ஒரு கறாரான எல்லை இருக்கிறது. ரேடியேட்டரின் மேல்குழாய் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கியதும் சுற்று அறுந்துவிடும். பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும்; ஆனால் அது ஓடாது. எஞ்சினில் உள்ளது அங்கேயே கொதிக்கும். பம்புள்ள எஞ்சின் சற்றுக் குறைந்த தண்ணீரையும் எப்படியோ இழுத்துத் தள்ளிவிடும். இயல்பான ஓட்டத்தை நம்பிய எஞ்சினுக்கு அந்தச் சலுகை இல்லை. மட்டம் பார்க்கும் கருவிக்கு மிக அதிகத் தேவை இருந்தது அந்தக் காலத்தில்தான்.

ஆனால் அந்தக் காலம் பெரிதாகக் கொண்டாடியது வேறொரு கருவியை. ஹாரிசன் பாய்ஸின் மோட்டோமீட்டர், 1912-ல் காப்புரிமை பெற்றது. ரேடியேட்டர் மூடியின் மேல் நிற்கும் கண்ணாடி முகம். உள்ளே சிவப்பு நிறத் திரவம் ஏறி இறங்கும். ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே பார்க்கலாம். அதன் குமிழ்முனை தண்ணீருக்குள் முங்குவதில்லை; தண்ணீருக்கு மேலுள்ள ஆவி வெளியில் தொங்குகிறது. தண்ணீர் குறைந்தாலும் கூடினாலும் ஆவி அங்கே வந்து சேரும் என்பதே அதன் சூட்சுமம். பிற்காலத்து டேஷ்போர்டு மீட்டர்கள் உணரியைத் தண்ணீருக்குள்ளேயே, பெரும்பாலும் தெர்மோஸ்டாட் பக்கத்தில், இறக்கி வைத்தன. இதனால் துல்லியம் கூடியது. கூடவே ஒரு புதிய குருட்டு இடமும் வந்து சேர்ந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

எந்தக் கருவியையும் அது உண்மை சொல்லும்போது எடைபோடுவதைவிட, பழுதாகும்போது எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்று பார்த்து எடைபோடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. மிதவை பழுதாகும் வழிகள் இரண்டு. ஒன்று, மிதவையில் கீறல் விழுந்து தண்ணீர் உள்ளே புகுந்து அது முங்கிவிடுவது. குமிழ் கீழே உட்கார்ந்துகொண்டு 'காலி' என்று சொல்லும். ஓட்டுகிறவர் ஓடிப்போய்ப் பார்ப்பார், தொட்டி நிறைந்திருக்கும், மிதவைதான் போயிற்று என்று புரிந்துகொள்வார். பொய்தான், ஆனால் யாரையும் கெடுக்காத பொய். இரண்டாவது, சுண்ணாம்புப் படிவோ துருவோ சேறோ வழிகாட்டிக் குழாயில் அடைந்து கம்பி மேலேயே ஒட்டிக்கொள்வது. அப்போது தண்ணீர் தீர்ந்தும் குமிழ் நிமிர்ந்து நிற்கும். இது கெடுக்கும் பொய். ஆனால் இதைக் கண்டுபிடிக்க ஒரு விரல் போதும். குமிழை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். துள்ளி மேலே வந்தால் மிதவை உயிரோடு இருக்கிறது. அழுத்தாமலேயும் தெரியும்: ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் அதிர்கிற அதிர்வில் நல்ல குமிழ் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடாமல் விறைத்து நிற்கும் குமிழைக் கண்டால் அனுபவமுள்ள ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிடுவார்.

முள்ளின் பொய்கள் இப்படி வெளிப்படையானவை அல்ல. இன்று புழங்கும் பெரும்பாலான உணரிகளில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். கம்பி அறுந்தாலோ முனை துருப்பிடித்துக் கழன்றாலோ தடை எல்லையற்றதாகிவிடும். மீட்டர் அதைக் 'குளிர்' என்று படிக்கும். அதற்கு முந்தைய மீட்டர்களில் உணரிக் குமிழிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் டேஷ்போர்டு வரை வரும், உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். யூஜின் பூர்தோன் 1849-ல் காப்புரிமை பெற்ற வளைகுழாய் அந்த அழுத்தத்தை முள்ளின் அசைவாக மாற்றும். அந்தச் செப்புக் குழாய் எங்காவது உடைந்து அழுத்தம் போனாலும் முள் 'குளிர்' பக்கமே சாயும். இரண்டு வகையிலும் பழுதான முள் நிம்மதியைத்தான் காட்டுகிறது. விரலால் அழுத்திச் சோதிக்க வழியில்லை. கிராமத்துச் சாலைகளில் ஓடும் பழைய டிராக்டர்களில் முள் ஆண்டுக்கணக்காகக் குளிர்ப் பக்கம் படுத்துக் கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 'மீட்டர் வேலை செய்யாதுங்க' என்று ஓட்டுநரும் இயல்பாகச் சொல்வார். பல லட்சம் ரூபாய் எஞ்சின் ஒரு முழக் கம்பி இல்லாமல் குருடாக ஓடிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் காட்சி.

இதைவிட நுணுக்கமான பொய், எல்லாம் நல்ல நிலையில் இருக்கும்போதே முள் சொல்வது. கீழ் ஹோஸில் ஒரு கிளிப் தளர்ந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ரேடியேட்டரின் மேல்தொட்டி காலியாகிறது. பிறகு எஞ்சினுக்குள் மட்டம் இறங்குகிறது. சிலிண்டர் தலைதான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது, தெர்மோஸ்டாட்டும் உணரியும் அதற்கும் மேலே. ஆகவே முதலில் காய்வது உணரிதான். தண்ணீரிலிருந்து உலோகத்துக்குச் சூடு விறுவிறுவென ஏறும்; காற்றிலிருந்து மந்தமாகத்தான் ஏறும். அதனால் தண்ணீர் விட்டுப்போன உணரி உண்மையான சூட்டைக் காட்டாமல் பின்தங்குகிறது. சில வண்டிகளில் முள் இறங்கவும் செய்யும். ஓட்டுநர் முள்ளைப் பார்த்து 'பரவாயில்லை' என்று அடுத்த சாலுக்குத் திருப்புவார். அதே நிமிடங்களில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இரும்பு காய்ந்து வெடிப்பு விடத் தொடங்கியிருக்கும். ஹெட் கேஸ்கட் போகும், தலை வளையும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பட்டறையில் 'சீஸ் ஆயிருச்சு' என்பார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீரின் வெப்பத்தைக் கேட்டதுதான் பிழை. தண்ணீர் இருக்கிறதா என்ற முதல் கேள்வியை அந்த டேஷ்போர்டில் யாரும் கேட்கவே இல்லை.

நீராவிக் காலத்துப் பொறியாளர்கள் இந்த முதல் கேள்வியை மறக்கவில்லை. சைபீரியாவின் பர்னவுலில் இவான் பொல்சுனோவ் 1765-ல் பாய்லரின் நீர்மட்டத்தை மிதவையாலேயே கட்டுப்படுத்தினார். லண்டன் அருகே கிரீனிச்சில் 1803-ல் ரிச்சர்டு டிரெவிதிக்கின் பாய்லர் ஒன்று வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதன்பின் அவர் பாதுகாப்பு வால்வுகளோடு நிற்காமல் ஓர் ஈயத் தக்கையையும் சேர்த்தார். தண்ணீர் மூடியிருக்கும்வரை ஈயம் உருகாது. மட்டம் இறங்கித் தக்கை வெளிப்பட்டால் உருகி வழிவிடும், ஆவி தீயை அணைக்கும். உழவுக்கு வந்த நீராவி எஞ்சின்களிலும் இந்தத் தக்கையும் நீர்மட்டக் கண்ணாடிக் குழாயும் பரவலாக இருந்தன. டீசலும் அழுத்த மூடியும் வந்தபோது இந்த அறிவில் ஒரு பகுதி கைநழுவிப் போனது என்றே நினைக்கிறேன்.

குமிழின் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பது தெரிகிறது. அதனால் அதன் பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் ஆவியாகிறது, அதிலுள்ள உப்பு ஆவியாவதில்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள கிணற்றுத் தண்ணீர் தமிழ்நாட்டில் பல இடங்களில் 'நல்ல தண்ணி' என்றே பெயர் வாங்கும். நாளுக்கு 50 லிட்டர் ஊற்றினால் 25 கிராம் உப்பு தொட்டியில் தங்கும். ஒரு போகத்தில் 20 நாள் ஓடினால் அரைக் கிலோ. அதில் சுண்ணாம்புப் பகுதி சிலிண்டர் சுவரில் ஒட்டிப் படிவாகும். இரும்பு கடத்தும் சூட்டில் மிகச் சிறு பங்கையே அந்தப் படிவு கடத்தும். தொட்டி நிறைந்திருக்கும், குமிழ் நிமிர்ந்து ஆடும், உள்ளே சிலிண்டர் வெந்துகொண்டிருக்கும். இதைச் சொல்லக் குமிழால் முடியாது. அவ்வப்போது தொட்டியை முழுதும் வடித்துக் கழுவுவதும், வாய்க்கால் கலங்கல் தண்ணீரை வடிகட்டி ஊற்றுவதும்தான் வழி. மூடிய ரேடியேட்டரில் ஒரு முறை ஊற்றிய தண்ணீரே சுற்றுவதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. துருத்தடுப்பு கலந்த கூலன்ட் ஊற்றி வைத்தால் இன்னும் நல்லது. அதிலும் ஒழுகும் ரேடியேட்டருக்குத் தினமும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள் தெரியாமலே இதே உப்புக் கணக்குக்குள் வந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் ஊற்றும் நேரத்திலும் இரண்டும் வேறு வேறு. திறந்த தொட்டியில் எஞ்சின் ஓடும்போதே, குமிழ் முழுதும் இறங்குமுன், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். அழுத்த மூடியைச் சூட்டில் திருகினால் 100 டிகிரிக்கு மேலிருக்கும் தண்ணீர் அழுத்தம் விடுபட்ட அந்தக் கணமே ஆவியாகிப் பீறிடும். முகமும் கையும் வெந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார். இந்தப் பயத்தாலேயே பலர் மூடியைத் திறந்து பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள், மட்டம் தெரியாமலே நாட்கள் போகின்றன. எந்த வகையானாலும் தண்ணீர் சுத்தமாக வற்றிக் காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு ஒரு பக்கம் மட்டும் சட்டெனச் சுருங்கி வெடிக்கும். நிறுத்தி, தானாக ஆறவிட்டு, பிறகே ஊற்ற வேண்டும்.

மூடிய ரேடியேட்டருக்கு மட்டம் காட்ட இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் வெண்ணிற பிளாஸ்டிக் பாட்டில். சூட்டில் விரியும் தண்ணீர் அதற்குள் வரும், ஆறியதும் திரும்பி இழுக்கப்படும். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரு கோடுகள் இருக்கும். மூடியைத் தொடாமலே மட்டம் தெரிகிறது. ஆனால் பல டிராக்டர்களில் அது பானெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. பவர் டில்லர்காரரின் குமிழ் நாள் முழுக்க அவர் கண்ணில் படுகிறது. இந்தப் பாட்டில் பானெட்டைத் தூக்குகிற அன்றைக்கு மட்டுமே கண்ணில் படுகிறது. இன்னொரு சிக்கல், மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டால் ரேடியேட்டர் பாட்டிலிலிருந்து தண்ணீரை இழுக்காமல் காற்றை இழுக்கும். பாட்டில் கோட்டளவு நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வழியில் நம் மிதவையே திரும்பி வருகிறது. மிதவைக்குள் ஒரு சிறு காந்தம். மூடப்பட்ட குழாய்க்குள் ஒரு ரீட் சுவிட்ச். பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் 1936-ல் உருவாக்கியது அது: கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு மெல்லிய இரும்பு நாக்குகள், காந்தம் அருகே வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். கம்பி வெளியே வர வேண்டியதில்லை, துளை வேண்டாம், சீல் வேண்டாம். காந்தப்புலம் பித்தளைச் சுவரைத் தாண்டிப் போய்விடும், அழுத்தத்தால் அதைத் தடுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. 64 கிராம் சிக்கல் இப்படித் தீர்ந்தது. கனரக மண்வாரி எந்திரங்களிலும் பெரிய ஜெனரேட்டர்களிலும் இத்தகைய மட்ட எச்சரிக்கை வழக்கமாகிவிட்டது. சிறு விவசாயி வாங்கும் டிராக்டரில்தான் அது அரிது. எஞ்சின் ஒன்று பிடித்துக்கொண்டால் ஒரு போகத்து வருமானமே போய்விடக் கூடியவருக்கு இது இல்லாமலிருப்பது சரியில்லை.

வெளியில் வாங்கிப் பொருத்துகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது இணைப்பின் திசை. மட்டம் சரியாக இருக்கும்போது சுவிட்ச் மூடியிருக்கவும், தண்ணீர் குறைந்தாலோ கம்பி அறுந்தாலோ சுற்று துண்டிக்கப்பட்டு பஸ்ஸர் அலறவும் அமைத்தால், கீறல் விழுந்து முங்கிய மிதவையைப் போல இதன் பொய்யும் எச்சரிக்கைப் பக்கமே சாயும். இரண்டாவது உயரம். பாட்டிலில் வைத்தால் மூடி ரப்பர் தேய்ந்த வண்டியில் ஏமாற்றிவிடும். ரேடியேட்டரின் மேல்தொட்டியில்தான் வைக்க வேண்டும். அங்கேயும் மேல்ஹோஸ் நுழையும் வாய்க்கு மேலாக, தெர்மோஸ்டாட் பக்கத்து வெப்ப உணரியின் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். அப்படி வைத்தால் உணரி இன்னும் தண்ணீரில் முங்கியிருக்கும்போதே, முள் உண்மை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பஸ்ஸர் கத்தத் தொடங்கும்.